பேனருக்கு இங்க்ஸ்கேப்தான்

ஆனித் தேரோட்டப் பேனருக்காக நெல்லையப்பர் தேரைக் கிருதா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்திருந்தேன். திரையில் கண்ணைப் பறித்த படம், பத்தடிக்குப் பெரிதாக்கியதும் வடக்கயிற்றின் ஓரமெல்லாம் படிக்கட்டாக உடைந்துவிட்டது. தூரிகை ஓவியத்துக்குக் கிருதா அருமையான மென்பொருள். ஆனால் அந்த ஓவியம் புள்ளிகளால் ஆனது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் கோடுகளைக் கணிதச் சூத்திரமாக வைத்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாது. இரண்டுமே இலவசம். இங்க்ஸ்கேப்பில் அந்தப் படத்தை அடியில் வைத்து, மேலே பேனா கருவியால் தேரை மீண்டும் வரைந்தேன். தானாகக் கோடாக்கும் வசதியும் உண்டு. கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் கணுக்கள் (புள்ளிகள்) அளவுக்கு மீறிக் குவிந்துவிடும் என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தொல்லை எழுத்து. அச்சகக் கணினியில் என் எழுத்துரு இல்லை. ‘கோ’வின் கொம்பு தனியே விலகி நின்றது. எழுத்துகளைத் தேர்ந்து, ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, அவற்றை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கினேன்; சரியாகிவிட்டது. அதன்பின் எழுத்தைத் திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.