கட்சி பதிவு செய்யப் போகிறீர்களா? முதலில் நூறு பேரைப் பிடியுங்கள்

நான் வக்கீல் குமாஸ்தா. நிலத் தகராறு, ஜாமீன் மனு என்று வருகிறவர்களுக்கு நடுவே கட்சி தொடங்குகிறவர்களும் எங்கள் ஆபீசுக்கு வருவார்கள். வரும்போதே கொடி டிசைன் கையில் இருக்கும். கொடிக்குத் தேர்தல் ஆணையம் ஒப்புதல் தருவதில்லை, அதை உள்ளே வையுங்கள் என்பேன். அடுத்து, "அண்ணே, சின்னம் என்ன கிடைக்கும்?" அதுவும் அப்புறம்தான்.

முதலில் தேதியைக் கவனியுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 29ஏ பிரிவுப்படி, கட்சி தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் டெல்லியில் தேர்தல் ஆணையத்தின் தலைமை அலுவலகமான நிர்வாசன் சதனில், ஆணையச் செயலாளரிடம் போய்ச் சேர வேண்டும். பதிவுத் தபாலிலோ நேரிலோ கொடுக்கலாம். மேடை போட்டுப் பெயரை அறிவித்துவிட்டுப் பிறகு ஆள் தேடினால் முப்பது நாள் எங்கே போனதென்றே தெரியாது.

ஏனென்றால் பெரிய வேலையே நூறு பிரமாணப் பத்திரங்கள்தான். குறைந்தது நூறு உறுப்பினர்கள், ஒவ்வொருவரும் "நான் பதிவு பெற்ற வாக்காளர், பதிவான வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை" என்று நோட்டரி முன் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆளைக் கூட்டுவது சுலபம். ஆனால் பாதிப் பேர் எப்போதோ ஏதோ ஒரு கட்சியின் உறுப்பினர் அட்டை வாங்கிப் பீரோவில் போட்டிருப்பார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாக்காளர் பட்டியல் நகலும் இணைக்க வேண்டும். ஆதாரில் 'எஸ். முருகன்', பட்டியலில் 'முருகன் எஸ்' என்றிருந்தால், பிரமாணத்தில் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். பட்டியல் திருத்தம் நடந்திருந்தால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறியிருக்கும். பழைய நகலை நம்ப வேண்டாம்.

நான் சொல்லும் வழி இதுதான்: நூற்றிருபது பேரின் விவரத்தை முன்பே சரிபார்த்து, பத்திரங்களை டைப் செய்து வைத்துவிடுங்கள். தொடக்கக் கூட்டத்தன்று நோட்டரியை மண்டபத்துக்கே அழைத்து, சாப்பாட்டுக்கு முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் இருக்க மாட்டார்கள்.

கட்சி விதிகளை அச்சடித்து வைக்க வேண்டும். இந்திய அரசியலமைப்புக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கும் உண்மையாக இருப்போம், நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் காப்போம் என்ற உறுதி அதில் கட்டாயம். இதைக் கவிஞர்களிடம் கொடுக்காதீர்கள்; சட்டத்தில் உள்ள வரியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எடுத்துப் போடுங்கள். ஐந்தாண்டுக்குள் உட்கட்சித் தேர்தல், பதிவான ஐந்தாண்டுக்குள் ஏதாவது ஒரு தேர்தலில் போட்டி என்பதற்கும் விதி இருக்க வேண்டும்.

மற்றவை சில்லறை வேலைகள்: பத்தாயிரம் ரூபாய் டிடி (திரும்பக் கிடைக்காது), தலைவர் அல்லது பொதுச்செயலாளரின் பிரமாணப் பத்திரம், அலுவலகக் கட்டட உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம்.

அப்புறம் பெயர். பெயரையும் நிர்வாகிகளையும் நாளிதழ்களில் விளம்பரம் செய்து ஆட்சேபணை கேட்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கட்சியின் பெயரோடு குழப்பிக்கொள்ளும்படி இருந்தால் சிக்கல்தான். கழகம், முன்னேற்றம், திராவிட, மக்கள் என்று நம்மூரில் கலைத்துப் போடும் சொற்கள் கொஞ்சம்தானே, அதனால் மாற்றுப் பெயர்களையும் யோசித்து வையுங்கள். விண்ணப்பத்தில் செல்போன் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். நிலவரம் குறுஞ்செய்தியில் வரும். அவசரப்பட வேண்டாம். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழக வெற்றிக் கழகத்துக்கே பதிவு செப்டம்பரில்தான் கிடைத்தது.

சரி, சின்னம். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு; தேர்தலில் நின்று போதிய ஆதரவைக் காட்டிய கட்சிக்கு ஆணையம் தரும் தகுதிதான் அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத கட்சிக்குச் சொந்தச் சின்னம் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் பொதுச் சின்னம் (கட்சி வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே சின்னம்) கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சட்டமன்றம் என்றால் குறைந்தது 5 சதவீதத் தொகுதிகளில் நிற்க வேண்டும். 234-இல் அது 12. முந்தியவருக்கே சின்னம். நாம் தமிழர் கட்சி 2024-இல் கரும்பு விவசாயியை இழந்து ஒலிவாங்கியில் நின்றது அப்படித்தான். அந்தத் தேர்தலிலேயே 8 சதவீத வாக்குகளைத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரமும் பெற்றார்கள்.

பதிவுச் சான்றிதழைப் பிரேம் போட்டு மாட்டியதும் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு, 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பட்டியல் இரண்டையும் கொடுக்க வேண்டும். ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்காத கட்சிகள் என்று 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 கட்சிகளை ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆகஸ்டில் போனவற்றில் பலவற்றின் அலுவலகத்தையே கண்டுபிடிக்க முடியவில்லையாம். வாடகை வீடு மாறினால் அன்றைக்கே டெல்லிக்கு ஒரு கடிதம் போடுங்கள்.