15 கிலோடன் குண்டை ஒரே விமானம் தூக்கியது எப்படி? கிலோடன் கணக்கு, படிப்படியாக

அண்ணன் மகள் ஹிரோஷிமா பற்றிப் பள்ளிக்கு சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் நிமிர்ந்து, "சித்தப்பா, 15 கிலோடன் குண்டுன்னா 15,000 டன்தானே? அதை எப்படி ஒரே விமானத்துல கொண்டுபோனாங்க?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. பத்து டன் லாரியில் ஏற்றினாலே 1,500 லாரி வேண்டும். 1945 ஆகஸ்ட் 6 அன்று பி-29 விமானம் சுமந்துபோன குண்டின் எடையோ சுமார் 4,400 கிலோதான். அன்று இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

படி 1: எடையைப் பிரித்து வைக்கவும்.
டன் 1,000 கிலோ, கிலோடன் 1,000 டன், மெகாடன் பத்து லட்சம் டன். இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

படி 2: குண்டைப் பற்றிய செய்தியில் 'கிலோடன்' வந்தால், பக்கத்தில் 'டிஎன்டி' (ஒரு வெடிமருந்தின் பெயர்) என்று பென்சிலால் எழுதவும்.
15 கிலோடன் என்றால், 15,000 டன் டிஎன்டி வெடித்தால் எவ்வளவு ஆற்றல் வருமோ அவ்வளவு என்று பொருள். குண்டுக்குள் டிஎன்டி அவ்வளவு இருந்தது என்பதல்ல. ஹிரோஷிமா குண்டில் இருந்தது சுமார் 64 கிலோ யுரேனியம். அதிலும் ஒரு கிலோவுக்குக் குறைவாகத்தான் பிளந்தது. ஆற்றலாக மாறிய நிறை முக்கால் கிராம்கூட இல்லை. அதை எழுதும்போது அவள் கை சற்று நின்றது.

படி 3: ஆற்றலின் அலகான ஜூலுக்கு மாற்றவும்.
ஒரு டன் டிஎன்டி = 418.4 கோடி ஜூல். ஒரு கிலோடன் = 4.184 லட்சம் கோடி ஜூல். இதற்கு மேல் லட்சம், கோடி வேண்டாம். 4.184 × 10-இன் 12-ஆம் அடுக்கு என்று எழுதிப் பழகுங்கள். சைபர் எண்ணுவதில்தான் தப்பு நடக்கும்.

நான் இடறியது இங்கேதான். ஒரு கிராம் டிஎன்டிக்கு 1,000 கலோரி என்பது வரையறை. பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். 100 கிராமுக்கு 450 'கலோரி'. அப்படியானால் 100 கிராம் பிஸ்கட் அரை கிராம் டிஎன்டிக்குக்கூடச் சமமில்லை என்று எழுதிவிட்டேன். தப்பு, ஆயிரம் மடங்கு தப்பு. உணவில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரியை. சரியான விடை 450 கிராம் டிஎன்டி! அதே கணக்கில், ஒரு கிலோ அரிசியில் சுமார் மூன்றரை கிலோ டிஎன்டியின் ஆற்றல் இருக்கிறது.

பிறகு ஏன் அரிசி மூட்டை வெடிப்பதில்லை? அரிசி எரியக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வர வேண்டும், அது மெதுவாகத்தான் வரும். டிஎன்டி மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. வெடிப்பு அலை அதனுள் நொடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவிடும். எவ்வளவு ஆற்றல் என்பதைப் போலவே, எவ்வளவு நேரத்தில் என்பதும் முக்கியம்.

படி 4: கரண்ட் யூனிட்டில் சரிபார்க்கவும்.
ஒரு டன் டிஎன்டி சுமார் 1,162 யூனிட். 15 கிலோடன் என்றால் ஏறக்குறைய 1.74 கோடி யூனிட். 1,000 மெகாவாட் அணுமின் உலை ஒன்று பதினேழரை மணி நேரத்தில் தரும் மின்சாரம் இது. குண்டில் அவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு நகரத்தின் மேல் இறங்கியது.

படி 5: சேதத்தின் தூரத்தை நேரடியாகப் பெருக்க வேண்டாம்.
1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த 'கேசில் பிராவோ' 15 மெகாடன். ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு. ஆனால் அதிர்வலை சேதப்படுத்தும் தூரம் கனமூலக் கணக்கில் வளரும் (10 × 10 × 10 = 1,000), ஆகவே சுமார் பத்து மடங்குதான். கதிரியக்கச் சாம்பலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெகுதூரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றில் இருந்த 23 பேர் மேலும் அது விழுந்தது.

கருவிகள்: எனக்கு நோட்டும் பென்சிலும் போதும். நிறைய எண்கள் இருந்தால் எக்செல். போனில் உள்ள அலகு மாற்றி ஆப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றில் 'டன்' என்று மட்டும் இருக்கும். அமெரிக்க டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. எதை எடுத்தது என்று தெரியாது.

பின்சேர்க்கை: படித்த இருவர் ஒரே சந்தேகத்தை எழுப்பினார்கள். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். அப்படியானால் அது 2.75 கிலோடனா? இல்லை. கிலோவுக்குக் கிலோ அது டிஎன்டியைவிடப் பலம் குறைந்தது. மதிப்பீடுகள் பெரும்பாலும் அரை கிலோடனிலிருந்து ஒரு கிலோடனைச் சற்றுத் தாண்டியது வரை உள்ளன. கிடங்கில் இருந்தது எடை, வெடித்து வந்தது ஆற்றல். படி 2-இல் பென்சிலால் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.