உத்தியோகத்தோடு எழுதுகிறவர்கள் கணக்குப் பார்க்கும்போது விடும் தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கதை, கவிதை எழுதுகிறவர்களில் அநேகம் பேர் சம்பளத்துக்கு வேறொரு வேலை செய்கிறவர்கள். ஆசிரியர், பிரதேச செயலக உத்தியோகத்தர், தாதி, வங்கி ஊழியர், கடை வைத்திருப்பவர். எழுத்தை மட்டும் நம்பி உலை வைக்கிற ஒருவரை இங்கே எனக்குத் தெரியாது. ஆகவே ‘என் எழுத்து முன்னே போகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா?’ என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பிழையான முறையில் விடை தேடிப் போய், நல்ல எழுத்துக்காரர் சிலர் பேனையை மூடி வைத்துவிட்டார்கள். அது பெரிய இழப்பு என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரம். பலரும் டிசம்பர் கடைசியில், அந்த வருஷம் என்ன எழுதினோம் என்று கணக்குப் பார்க்க உட்காருகிறார்கள். அரச கந்தோர்களில் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கிய காசைச் செலவழித்து முடிக்க வேண்டும், வவுச்சர்கள் குவியும், முன்னேற்ற அறிக்கை கேட்பார்கள். வெளியே வடகீழ்ப் பருவமழை. வெள்ளம் வந்தால் நிவாரண வேலையும் அதே உத்தியோகத்தரின் தலையில்தான். இப்படி மாதக்கணக்கில் ஓடிக் களைத்தவர் அந்த இரவில் கொப்பியைத் திறந்தால் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வெறுமைதான் கண்ணில் படும். மார்ச்சில் எழுதிய நல்ல கதை படாது. உங்கள் வேலை எப்போது தளர்கிறதோ அப்போது பாருங்கள். கந்தோரில் இருப்பவருக்குச் சித்திரைப் புத்தாண்டு லீவு, ஆசிரியருக்குத் தவணை விடுமுறை, வயலும் பார்க்கிறவருக்குப் பெரும்போகம் வெட்டிச் சூடடித்த பிறகு. இந்த ஊர் ஆண்டுக்கு அதுதான் பொருந்தும்.

அடுத்தது, கந்தோர் அறிக்கையை அப்படியே எழுத்துக்கும் கொண்டுவருவது. இலக்கு, அடைவு, வீதம். எத்தனை சொல், எத்தனை பக்கம், எத்தனை கதை. எண்கள் இலகுவாகக் கிடைப்பதால் அவைதான் முன்னேற்றம் என்று மனம் நம்பிவிடுகிறது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய நாவல் சவால் ஒன்று இருந்தது: நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொல், அதாவது நாளொன்றுக்கு 1,667. அந்தக் கணக்கைத் தமிழுக்கு எடுப்பது சரிவராது. ‘போகவேண்டியிருந்தபடியால்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து சொல் வேண்டும். நவம்பர் என்பது இங்கே மழையும் கரண்ட் போவதும் வயல் வேலையும் சேர்ந்த மாதம் வேறு. அப்படி ஓர் இலக்கை வைத்துவிட்டுப் பாதியில் நின்றவர் தோற்றுவிட்டதாக நினைக்கத் தேவையில்லை.

எண் வேண்டுமென்றால் ஒரே ஒரு எண் உதவும்: எழுதுவதற்கு உங்களுக்கு உண்மையாகவே கிடைத்த மணித்தியாலம். அரச கந்தோர் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. அதன் இரு பக்கமும் பஸ் பயணம், பிள்ளைகளின் டியூஷன், சமையல், கோயில் அல்லது பள்ளிவாசல் வேலை, செத்த வீடு, கல்யாண வீடு. மிஞ்சுவது கிழமைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் உங்கள் எழுத்தை அந்த மூன்றுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் கணவனும் மனைவியும் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். இரண்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்பவர் யார், கோப்பை கழுவுகிறவர் யார்? இரண்டு பேரின் கதைகளையும் எண்ணிப் பார்த்து, அவருக்கு ஆறு, இவருக்கு இரண்டு என்பது நியாயமே இல்லை.

இந்த இடத்தில் விபுலாநந்த அடிகளை உதாரணம் காட்டாதவர் இல்லை. காரைதீவில் 1892இல் பிறந்தவர், படிப்பித்தலும் பாடசாலை நிர்வாகமும் பேராசிரியர் பதவியுமாக இருந்தவர், அதற்கிடையில் பழந்தமிழ் இசை பற்றிய ‘யாழ் நூல்’ எழுதினார், உனக்கு ஏன் முடியாது என்பார்கள். அவர் துறவி என்பதை மறந்துவிடுகிறார்கள். அவரிடமிருந்து எடுக்க வேண்டியது வேறொன்று: அந்த நூல் ஏறத்தாழ 14 ஆண்டு ஆராய்ச்சியின் பின் 1947இல்தான் வெளிவந்தது. நடுவில் ஏதாவது ஓர் ஆண்டில் நிறுத்தி, ‘இந்த வருஷம் என்ன முடித்தீர்கள்?’ என்று கேட்டிருந்தால் காட்டுவதற்கு அச்சான நூல் ஒன்றும் இருந்திருக்காது.

அச்சில் வந்ததை மட்டும் எண்ணுவதும் இதே வகைத் தவறு. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் ஆசிரியராக இருந்துகொண்டே எழுதியவர். 1975இல் காலமானார். அவருடைய ‘வழி’ தொகுதி வந்தது 1976இல். புத்தகத்தை வைத்து அளந்திருந்தால் அவர் வாழ்ந்த காலம் முழுவதும் பூச்சியம் என்றல்லவா வந்திருக்கும்? ஞாயிறு பத்திரிகையில் கதை வருவது பக்கத்தில் இடம் இருப்பதையும் பத்திரிகை ஆசிரியரின் விருப்பத்தையும் பொறுத்தது. முகநூல் விருப்பக்குறி எத்தனை வந்தது என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, எதைத்தான் பார்ப்பது? எழுத்தையே பார்க்க வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் செய்வதில்லை. ஞாபகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு கதையையும் இப்போது எழுதிய ஒரு கதையையும் எடுங்கள். முதல் பக்கம் மட்டும் போதும். பழையது இப்படித் தொடங்கியிருக்கலாம்: ‘மழை பெய்துகொண்டிருந்தது. அவன் மனதில் ஆயிரம் எண்ணங்கள் அலைமோதின.’ புதியது இப்படி: ‘கல்லடிப் பாலத்துக்கு முன் பஸ் நின்றதும், சட்டைப்பையில் கிடந்த மருந்துத் துண்டை மறுபடியும் எடுத்து விரித்தான்.’ இரண்டாவதில் ஒரு மனிதன் இருக்கிறான், அவனுக்கு ஒரு கவலை இருக்கிறது, ஆனால் கவலை என்ற சொல் இல்லை. இந்த மாற்றத்தை எந்தச் சொல் எண்ணிக்கையும் காட்டாது.

பிறகு உரையாடலைப் பாருங்கள். நம்மவர்களின் ஆரம்பக் கதைகளில் ஏறாவூர் அம்மாவும் திருக்கோவில் மாமாவும் சினிமாக்காரர் மாதிரிப் பேசுவார்கள். ‘போய்ட்டு வர்றேம்மா’ என்று மகன் சொல்வான். அவன் எங்கே அப்படிச் சொல்கிறான்? ‘போயித்து வாறன்’ என்றல்லவா சொல்வான்? தாய், ‘கவனம் மனே’ என்பாள். இந்தப் பேச்சு எந்தக் கதையிலிருந்து உங்கள் கைக்கு வந்தது என்று தேடிப் பாருங்கள். அது வந்த இடம் ஒரு பெரிய முன்னேற்றம். எழுதியவரே கவனிக்காமல் விட்டிருப்பார்.

யாரிடம் காட்டிக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். நூல் வெளியீட்டு மேடையில் சொல்கிற வாழ்த்தை மதிப்பீடாக எடுக்க வேண்டாம். அது மரியாதைக்குப் பேசுவது. முகத்துக்காகப் பேசாத ஒருவரிடம், ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காமல், ‘எந்த இடத்தில் அலுத்தது?’ என்று கேளுங்கள்.

வாசித்த நேரம், குறிப்பெடுத்த நேரம், யோசித்த நேரம் எல்லாம் எழுத்தா என்று சிலர் கேட்பார்கள். வாசிப்பையும் குறிப்பையும் தனியாக எழுதி வையுங்கள், அவை எழுத்துக்கு உரம். யோசித்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது. நாம் எல்லோரும் எந்நேரமும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று: பழைய பிரதியை வைத்திருக்காமல் விடுவது. ஒரே கோப்பில் திருத்தித் திருத்தி எழுதினால் முதல் வடிவம் அழிந்துபோகும், அப்புறம் எதோடு எதை ஒப்பிடுவது? ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்கும் திகதி போட்டு வேறாகச் சேமியுங்கள். கையால் எழுதுகிறவர்கள் பக்கங்களைப் போனில் படமெடுத்துத் தங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைக்கலாம். 2004 சுனாமியும் 2011 ஜனவரி வெள்ளமும் கண்ட ஊர்கள் இவை. கடதாசியை மட்டும் நம்பி இருக்க முடியாது. பழைய கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றியால் யுனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது எழுத்து ஏதும் உடைந்திருக்கிறதா என்று மூலத்தோடு வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.