நரம்பு வேதியியலிலிருந்து மருத்துவ ஆய்வக இயக்குநர் பொறுப்புக்கு: அமெரிக்காவில் செல்லும் வழி

அமெரிக்காவில் ஒரு மருத்துவ ஆய்வகத்தை இயக்குவதற்கு எம்.டி. பட்டம் கட்டாயமில்லை என்பதை நரம்பு வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற பலர் தாமதமாகவே அறிகிறார்கள். 1988ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வக மேம்பாட்டுத் திருத்தச் சட்டத்தைத் துறையினர் 'க்ளியா' என்றே அழைப்பார்கள். அதன் விதிகளின்படி, வேதியியல், உயிரியல் அல்லது மருத்துவ ஆய்வக அறிவியலில் முனைவர் பட்டமும், மத்திய சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட வாரியம் ஒன்றின் சான்றிதழும், அதிகச் சிக்கல் வாய்ந்த பரிசோதனைகளை இயக்கிய அல்லது மேற்பார்வையிட்ட அனுபவமும் உள்ள ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் நடப்புக்கு வந்த திருத்தங்கள், இயக்குநரின் கடமைகள் பற்றிய 20 மணி நேரத் தொடர்கல்வியையும் பெரும்பாலோருக்குக் கட்டாயமாக்கியுள்ளன. நடைமுறையில் இவற்றுள் மிகக் கடினமானது வாரியச் சான்றிதழ்தான். ஆகவே இந்தத் துறைமாற்றத்துக்கான திட்டத்தை அதிலிருந்து பின்னோக்கி வகுத்துக்கொள்வதே நல்லது.

வேதியியல் பின்புலம் உள்ளவர்களுக்கு இயல்பாகப் பொருந்துவது ஏ.பி.சி.சி. எனப்படும் அமெரிக்க மருத்துவ வேதியியல் வாரியம். அதன் தேர்வை எழுதுவதற்குச் சீரான வழி, முனைவர் பட்டத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு ஃபெலோஷிப் ஒன்றில் சேர்வதாகும். காம்ஏசிசி என்ற ஆணையம் இத்தகைய பயிற்சிகளை அங்கீகரிக்கிறது. மேயோ கிளினிக், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இவை நடைபெறுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் ஆண்டுக்கு ஓரிருவரையே எடுப்பார்கள் என்பதால், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடியும் தறுவாயில் அவசரமாக விண்ணப்பிப்பதைவிட, ஓராண்டுக்கும் மேலாக முன்கூட்டியே பயிற்சி இயக்குநர்களுக்கு எழுதி, அவர்களுடைய ஆய்வகத்தைச் சில நாள்களேனும் உடனிருந்து பார்க்க அனுமதி கேட்பது பலன் தரும். ஃபெலோஷிப் இல்லாமல் பணி அனுபவத்தைக் கொண்டே தேர்வுக்குத் தகுதி பெறும் வழியும் உண்டு. ஆனால் அதற்குக் கூடுதல் ஆண்டுகள் தேவைப்படும். அந்த ஆண்டுகளில் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டிய கடமை யாருக்கும் இருக்காது என்பதால், அதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

விண்ணப்பத்துக்கு முன் உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நரம்பியல் துறை வழியாக வந்தவர்களிடம் வேதியியல் பாடநேரங்கள் குறைவாக இருப்பதுண்டு. வாரியம் அதைக் கணக்கில் எடுக்கும் என்பதால், குறையிருந்தால் இப்போதே ஒரு பாடத்தில் சேர்ந்து நிரப்பிக்கொள்ளலாம். இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் பெற்றவர்கள், அது அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானது என்ற மதிப்பீட்டுச் சான்றையும் பெற்று வைத்திருக்க வேண்டும்.

நேர்காணலில் எதை முன்வைப்பது என்பதில்தான் நரம்பு வேதியியலாளர்கள் தடுமாறுகிறார்கள். வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைச் சொல்வதைவிட, மிகச் சிறிய அளவில் உள்ள, எளிதில் சிதையும் ஒரு பொருளை நம்பகமாக அளக்கத் தெரியும் என்பதைச் சொல்லுங்கள். அட்ரினலின், டோபமைன் போன்ற கேட்டகோலமைன்களை மின்வேதியியல் உணரியுடன் கூடிய எச்.பி.எல்.சி. என்ற திரவப் பிரிப்புக் கருவியில் அளந்தவர், ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டியைக் கண்டறிய உதவும் பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின் (இரத்தத்தில் உள்ள கேட்டகோலமைன் சிதைபொருள்) பரிசோதனையின் உள்ளோட்டத்தை ஏற்கெனவே பாதி அறிந்தவர். பாராசிட்டமால் அந்த வகைக் கருவியில் இடையூறு செய்யும் என்பதும், ஆய்வகங்கள் மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் முறைக்கு மாறியதற்கு இத்தகைய இடையூறுகள் ஒரு காரணம் என்பதும் அவருக்கு விளக்கம் தேவைப்படாத செய்திகள். மீதிப் பாதி நோயாளியிடம் இருக்கிறது: அவர் படுத்த நிலையில் சற்று நேரம் ஓய்வெடுத்த பின் இரத்தம் எடுக்கப்பட்டதா, டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்து உட்கொள்கிறாரா என்பவை தெரியாமல், உயர்ந்து வந்த ஓர் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

மாதிரி கருவிக்குள் நுழைவதற்கு முன் நடப்பவற்றில்தான் உங்கள் பழைய அறிவு பெரிதும் கைகொடுக்கும். மூளைத் தண்டுவடத் திரவத்தில் உள்ள ஹோமோவனிலிக் அமிலம் (டோபமைனின் சிதைபொருள்), 5-எச்.ஐ.ஏ.ஏ. (செரட்டோனினின் சிதைபொருள்) ஆகியவற்றின் செறிவு, கீழ்முதுகில் ஊசியிட்டு எடுக்கும்போது முதலில் வடியும் திரவத்தில் குறைவாகவும், மூளைக்கு அருகிலிருந்து பின்னர் வரும் திரவத்தில் கூடுதலாகவும் இருக்கும். அதனால்தான் குழந்தைகளின் நரம்புக்கடத்திக் கோளாறுகளுக்கான பரிசோதனையில் எத்தனையாவது குழாய் என்பதைக் குறித்து, படுக்கையருகிலேயே உறையவைத்து அனுப்பச் சொல்கிறார்கள். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதமான அமிலாய்டு பீட்டா 42 கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் ஒட்டிக்கொள்வதால் பாலிபுரொப்பிலீன் குழாய் கேட்கப்படுகிறது. திரவத்தில் இதன் அளவு குறைவதே அல்சைமரின் அடையாளம் என்பதால், தவறான குழாயில் வந்தால் அளவு குறைந்து, இல்லாத அல்சைமர் மாற்றம் இருப்பதுபோலத் தோன்றிவிடும். இந்தப் பரிசோதனைகள் இன்று ஆராய்ச்சிக்கூடத்தின் எல்லையைத் தாண்டிவிட்டன. தண்டுவடத் திரவத்தில் அமிலாய்டு 42/40 விகிதத்தை அளக்கும் லூமிபல்ஸ் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 மே மாதத்திலும், இரத்தத்தில் பி-டவ் 217 (அல்சைமரில் உயரும் டவ் புரத வடிவம்), அமிலாய்டு 42 ஆகியவற்றின் விகிதத்தை அளப்பதற்கு 2025 மே மாதத்திலும் அனுமதி அளித்தது. ஸ்வீடனில் சால்கிரென்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவ நரம்பு வேதியியலுக்கெனத் தனி ஆய்வகத்தையே மோல்ண்டாலில் நடத்துகிறது. அமெரிக்காவில் அத்தகைய தனி ஆய்வகங்கள் அரிது என்பதால், இந்த அறிவுடன் வரும் ஃபெலோவுக்குப் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

இருப்பினும் ஃபெலோஷிப்பின் பெரும்பகுதி பொட்டாசியம், ட்ரோபோனின் (இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் புரதம்), தைராய்டு ஹார்மோன் என்ற அன்றாட எண்களோடுதான் கழியும். இரத்தச் சிவப்பணு உடைந்த மாதிரியில் பொட்டாசியம் பொய்யாக உயர்வதும், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை உட்கொண்டவருக்குச் சில கருவிகளில் ட்ரோபோனின் பொய்யாகக் குறைவதும் (இதைப் பற்றி உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது) இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவு மருத்துவர் தொலைபேசியில் கேட்கும்போது உடனே நினைவுக்கு வரவேண்டியவை. அழைப்புக்குப் பதில் சொல்லும் முறைப்பணியை எந்தச் சாக்குச் சொல்லியும் தவிர்க்காதீர்கள். தேர்வுக்கு அதைவிடச் சிறந்த தயாரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் நற்பழக்கமாகக் கருதப்பட்ட சில இங்கே குற்றமாகிவிடும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. க்ளியா விதிகளின்படி, பெரும்பாலான வேதியியல் பரிசோதனைகளுக்கு ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தாக, வெளியிலிருந்து திறன்சோதனை மாதிரிகள் வரும். ஆய்வகத்துக்கு அவற்றின் விடை தெரியாது. விடை சந்தேகமாக இருந்தால் இரண்டு முறை கூடுதலாக ஓட்டிப் பார்ப்பதும், பக்கத்து ஊரிலுள்ள நண்பரின் ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சியாளருக்கு இயற்கையாகத் தோன்றும். ஆனால் அவற்றை நோயாளியின் மாதிரியைப் போலவே நடத்தவேண்டும் என்பது சட்டம். தெரிந்தே வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினால் சான்றிதழே ரத்தாகலாம். அதேபோல, அனுமதி பெற்ற ஒரு கிட்டின் செய்முறையில் அடைகாக்கும் நேரத்தை (வினை நடக்க விடும் நேரத்தை) சற்று மாற்றினாலும், அது அந்த ஆய்வகம் தானே உருவாக்கிய பரிசோதனையாகிவிடும். துல்லியம், மறுசெய்கை, அறிக்கையிடத்தக்க எல்லை, குறிப்பு எல்லை (ஆரோக்கியமானவர்களிடம் காணும் இயல்பு அளவு) ஆகியவற்றோடு உணர்திறனையும் குறிப்புத்தன்மையையும் நிறுவிய பிறகே அதை நோயாளிக்குப் பயன்படுத்தலாம். வாரந்தோறும் முறையை மேம்படுத்திப் பழகிய கை இதற்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும்.

தரக்கட்டுப்பாட்டுப் புள்ளியியலை ஃபெலோஷிப் தொடங்குமுன்பே படித்துவிடலாம். கட்டுப்பாட்டு மாதிரியின் அளவீடுகளை வரிசையாகக் குறிக்கும் லீவி–ஜென்னிங்ஸ் வரைபடத்தையும், ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் அவருடைய சகாக்களும் 1981இல் வெளியிட்ட பல்விதி முறையையும் (அந்த அளவீடுகளை எப்போது நிராகரிப்பது என்று சொல்லும் விதித் தொகுப்பு) கற்று, ஒரே திசையில் இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டும் இரு அளவீடுகள் ஏன் முறைசார் பிழையைச் சுட்டுகின்றன என்பதை உங்கள் பழைய தரவுகளிலேயே வரைந்து பாருங்கள். மேலாண்மையை அப்படிப் புத்தகத்தில் கற்க இயலாது. கருவி ஒப்பந்தங்கள், இரவுப் பணியாளர் பற்றாக்குறை, அமெரிக்க நோய்க்குறியியலாளர் கல்லூரியின் ஈராண்டு ஆய்வு ஆகியவற்றில் இயக்குநரின் அருகிலேயே உட்கார்ந்திருக்க இடம் கேட்டு வாங்குங்கள். பணிகளைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அவை சரியாக நடந்தனவா என்பதற்கான பொறுப்பு இயக்குநரைவிட்டு நீங்குவதில்லை என்று விதியே சொல்கிறது.

முதல் வேலையாகவே பெரிய மருத்துவமனையின் இயக்குநர் பதவியைத் தேடாமல், மருத்துவ வேதியியல் பிரிவின் துணை இயக்குநர் அல்லது தொழில்நுட்ப மேற்பார்வையாளர் பொறுப்பை ஏற்பது நல்லது. விதி கேட்கும் மேற்பார்வை அனுபவமும் அதில் சேரும். ஒரே நபர் ஐந்து ஆய்வகங்கள்வரை இயக்கலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், உங்கள் பெயரை மட்டும் கேட்டு வரும் சிறு நிறுவனங்களும் உண்டு. அவர்கள் தரக்கட்டுப்பாட்டுப் பதிவேடுகளையும் கடந்த திறன்சோதனை முடிவுகளையும் காட்டும்வரை கையெழுத்திடாதீர்கள். வேலை எந்த மாநிலத்தில் என்பதையும் முன்பே பாருங்கள். கலிஃபோர்னியாவில் மாநில உரிமம் தனியாகத் தேவை. நியூயார்க் மாநிலம் ஒவ்வொரு பரிசோதனைப் பிரிவுக்கும் இயக்குநரிடம் தகுதிச் சான்றிதழ் கேட்பதோடு, அங்கிருந்து மாதிரி பெறும் வெளிமாநில ஆய்வகங்களையும் பொதுவாக அதே விதிக்குள் கொண்டுவருகிறது. அந்த விண்ணப்பத்துக்கு ஆகும் மாதங்களைப் பணியில் சேரும் தேதியில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.