புதுசா பிராக்டிஸ் ஆரம்பிக்கிற ஆர்க்கிடெக்ட்டுக்கு: கமிஷன், கையெழுத்து, போர்டு எல்லாத்தையும் எப்படி சமாளிக்கிறது

பி.ஆர்க் அஞ்சு வருஷம் படிச்சோம், அதுல ப்ரொஃபஷனல் பிராக்டிஸ்னு ஒரு பேப்பர் இருந்துச்சு, எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி சீனியரோட நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து படிச்சு எல்லாரும் பாஸ் பண்ணிட்டோம். சொந்தமா ஆபீஸ் போட்ட முதல் மாசத்துலேர்ந்து தினமும் கழுத்தைப் பிடிக்கப்போறது அந்த பேப்பர்தான்னு அப்ப யாரும் சொல்லல. நான் திருச்சி பக்கம் வீடு, சின்ன கிளினிக், மண்டபம்னு பண்ணிட்டு இருக்கேன். என்கிட்ட ட்ரெய்னிங் முடிச்சுட்டுப் போற பசங்க எல்லாரும் போன் போட்டு ஒரே மாதிரி கேள்வி கேக்கறதால மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன்.

அடிப்படை என்னன்னா, 1972ல வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் ஆக்ட். அதுக்குக் கீழதான் நம்ம கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர், அதாவது சிஓஏ, இருக்கு. நாம எப்படி நடந்துக்கணும்னு சொல்றது 1989ல போட்ட ப்ரொஃபஷனல் காண்டக்ட் ரெகுலேஷன்ஸ். மொத்தமே சில பக்கம்தான், ஒரு டீ ஆறுறதுக்குள்ள படிச்சிடலாம், ஆனா பாதிப் பேர் படிச்சதே இல்ல.

முதல்ல நம்பர் விஷயம். கான்வொகேஷன் போட்டோவோட இன்ஸ்டா பயோல ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கறீங்கல்ல, அதை எடுத்துடுங்க. சிஓஏல பதிவு பண்ணி சிஏன்னு ஆரம்பிச்சு வருஷத்தோட வர்ற அந்த நம்பர் கைக்கு வந்தப்புறம்தான் அந்தப் பேரைப் போட்டுக்க சட்டம் விடும், 37வது பிரிவு. ரினியூவல் தேதியை போன்ல அலாரம் வெச்சுக்கங்க. காலேஜ் ஃப்ரெண்ட் சிவில் இன்ஜினியர், ரெண்டு பேரும் பார்ட்னரா சேர்ந்து பேருக்குப் பின்னாடி ஆர்க்கிடெக்ட்ஸ்னு போடலாமான்னு கேக்கறாங்க, போட முடியாது, பார்ட்னர் எல்லாருமே பதிவு பண்ண ஆர்க்கிடெக்ட்டா இருக்கணும். அதே சமயம் பக்கத்து தெரு இன்ஜினியர் வீட்டு பிளான் போடறாருன்னு சண்டைக்குப் போகாதீங்க. இந்தப் பிரிவு பட்டப்பேரைத்தான் காப்பாத்துது, டிசைன் வேலையை மத்தவங்க பண்ணக்கூடாதுன்னு தடுக்கலன்னு 2020 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அவர் ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்டினா மட்டும்தான் தப்பு.

எழுதி வாங்கிக்கங்க

வேலை எடுக்கும்போதே என்ன நிபந்தனை, எவ்வளவு ஃபீஸ்னு கிளையன்ட்கிட்ட சொல்லி அவர் ஒத்துக்கிட்ட பிறகுதான் வேலையை ஏத்துக்கணும்னு ரூல்லயே இருக்கு. இதை ஃபார்மாலிட்டின்னு நெனச்சு விட்டுட்டேன், எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்தது ஒரு சொந்தக்காரர் வீடு. "நம்மாளுக்குள்ள என்ன மாப்ள பேப்பர் எல்லாம்"னாரு, நானும் சிரிச்சுட்டே விட்டேன், பதினோரு தடவை பிளான் மாத்தி, மாடிப்படியை மூணு மூலைக்கும் நகர்த்தி, கடைசில கிரகப்பிரவேச பத்திரிகையோட ஒரு வேட்டி சட்டை வந்துச்சு, அவ்ளோதான் ஃபீஸ். சொந்தக்காரங்கன்னா ரெண்டு மடங்கு கவனமா எழுதணும்.

அக்ரிமென்ட்ல பெரிய வக்கீல் பாஷை தேவையில்ல. கான்செப்ட், அப்ரூவல் டிராயிங், வொர்க்கிங் டிராயிங், சைட் விசிட்னு எந்த ஸ்டேஜ்ல எவ்வளவு பணம், எத்தனை தடவை மாத்தித் தருவீங்க, மாசத்துக்கு எத்தனை விசிட், ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஃபீஸை யார் குடுக்கறது, வேலை நடுவுல நின்னா அதுவரைக்கும் எவ்வளவு, இதெல்லாம் இருந்தா போதும். டிசைன் உங்களோடதுன்னு ஒரு வரி போடுங்க, 1957 காப்பிரைட் சட்டத்துல கட்டடக்கலையும் கலைப்படைப்புதான், ஒரு வீட்டுக்குக் குடுத்த பிளானை தம்பி வீட்டுக்கும் அப்படியே கட்டிக்கிற வழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி. ஒப்புக்கிட்ட வேலையை வேற ஆர்க்கிடெக்ட்டுக்குத் தள்ளிவிடறதா இருந்தா கிளையன்ட்கிட்ட முன்னாடியே கேட்டுடணும், எலிவேஷனை, அதாவது முகப்பு டிராயிங்கை மட்டும் வெளில குடுத்து வாங்கறோம்னாலும் மறைக்காதீங்க.

கமிஷன்

இதுக்குத்தான் நெறைய எழுதணும். ஆபீஸ் திறந்து ரெண்டே வாரத்துல ஒரு டைல்ஸ் கடைலேர்ந்து ஆள் வருவாரு, கேட்டலாக், ஒரு டைரி, அப்புறம் குரலைத் தாழ்த்தி "சார், நீங்க ஆளை மட்டும் அனுப்புங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்". அதுக்கு அடுத்து கம்பி கடை, சிமென்ட், பெயின்ட், மாடுலர் கிச்சன், ஜன்னல் பண்றவர். வாங்காதவங்களைக் கண்டா அவங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

ரூல் என்ன சொல்லுதுன்னா, கிளையன்ட்டையோ வேலையையோ அறிமுகப்படுத்தறதுக்காக தள்ளுபடி, கமிஷன், கிஃப்ட், வேற எந்த ஆசைகாட்டலும் குடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது. குடுக்கவும் கூடாதுங்கறதை கவனிங்க. புரோக்கர் ஒருத்தர் மனை வாங்கினவரை உங்ககிட்ட கூட்டிட்டு வந்து ஒரு பங்கு கேப்பாரு, அதுவும் இதுல வரும். சிலபேர் டைல்ஸ் கமிஷன் இதுல வராது, அது மெட்டீரியல்தானேன்னு வியாக்கியானம் பண்ணுவாங்க. என் கணக்குல, நம்ம கிளையன்ட்டை கடைக்கு அனுப்பறதும் அறிமுகம்தான். அப்படியே வராதுன்னு வெச்சாலும் நேர்மையா நடந்துக்கணும்னு தனி ரூலே இருக்கே. விஷயம் ரொம்ப சிம்பிள், கடைக்காரர் அவர் கைக்காசைக் குடுக்கல, கிளையன்ட் பில்லுல ஏத்தி அதை உங்களுக்குத் திருப்பறாரு. ஹவுசிங் லோன் வாங்கி மாசாமாசம் வட்டி கட்றவர் காசு அது.

என் முதல் தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வந்துச்சு, காஜு கத்லிக்கு அடில கவர். பிரிச்சுப் பாத்தப்ப அந்த மாச ஆபீஸ் வாடகையை விட ஜாஸ்தி. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாள் மேஜை டிராயர்லயே வெச்சிருந்தேன். அப்புறம் கடைக்குப் போய், இதை அந்த வீட்டுக்காரர் பில்லுல கழிச்சு திருத்தின பில் குடுங்கன்னேன். கடைக்காரர் மூஞ்சி போன போக்கு இருக்கே, ஆனா கழிச்சுக் குடுத்தாரு. இப்ப என் வழக்கமே இதுதான்: கடைக்காரங்க கூட முதல் தடவை பேசும்போதே "எனக்குக் குடுக்கறதா நெனச்சதை பில்லுல தள்ளுபடியா போட்டுடுங்க, கிளையன்ட்டுக்கும் நான் சொல்லிடறேன்"னு சொல்லிடறது. கிளையன்ட்டுக்கு ஒரு கடைக்கு மூணு கடையா பேர் குடுக்கறது. அதுல ரெண்டு கடை என்னைக் கண்டா இப்ப டீ கூட சொல்றதில்ல, பரவால்ல. ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கறேன், கவர் இல்லாததை.

ஓசி பிளான், அடுத்தவர் வேலை

"தம்பி, மூணு பேர்கிட்ட பிளான் கேட்டிருக்கேன், எது புடிச்சிருக்கோ அவங்களுக்கு வேலை." கேட்டிருப்பீங்க. இதுக்கு ஒத்துக்கக்கூடாது. ஓசிலயோ கம்மி காசுக்கோ மத்த ஆர்க்கிடெக்ட் கூட போட்டி போட்டு டிசைன் பண்றது தப்பு, சிஓஏ வழிமுறைப்படி நடக்கற போட்டி மட்டும் விதிவிலக்கு. அதுக்காக கிளையன்ட்டை விரட்டணும்னு இல்ல, அவர் எத்தனை ஆர்க்கிடெக்ட்டை வேணா கலந்துக்கலாம், ஒவ்வொருத்தருக்கும் காசு குடுத்தா போதும்னும் அதே ரூல் சொல்லுது. நான் இப்படிச் சொல்லுவேன்: "ஐயா, பழைய வேலையைக் காட்டறேன், முடிச்ச வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அந்த வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க, அதுக்கெல்லாம் காசு வேணாம். உங்க மனைக்கு பேனா எடுத்தா கான்செப்ட் ஃபீஸ் இவ்வளவு, வேலை எனக்கே வந்தா அதை மொத்த ஃபீஸ்ல கழிச்சுக்கறேன்." பத்துல பாதிப் பேர் திரும்பி வரமாட்டாங்க, வர்றவங்க நல்லபடியா வருவாங்க.

இதுக்கு அடுத்த சிக்கல், இன்னொரு ஆர்க்கிடெக்ட் பண்ணிட்டு இருந்த வேலை உங்ககிட்ட வர்றது. "அவரை நிறுத்திட்டோம் சார்"னு வாயால சொல்றது பத்தாது. நிறுத்தினதுக்கு ஆதாரம் வேணும், மெயிலோ லெட்டரோ. அப்புறம் பழைய ஆர்க்கிடெக்ட்டுக்கு நீங்க எழுத்துல தகவல் குடுக்கணும், இந்த வேலையை நான் எடுக்கறேன்னு. எல்லாரும் இதை என்ஓசி, அதாவது ஆட்சேபம் இல்லைன்னு அவர் தர்ற லெட்டர்னு சொல்லிட்டு திரியறாங்க, ரூல்ல இருக்கறது தகவல், அனுமதி இல்ல. ஆனா நான் ஒரு போனும் பண்ணுவேன், பாக்கி ஏதும் இருக்கான்னு கேப்பேன், ஏன்னா அவருக்குக் குடுக்காதவர் நாளைக்கு எனக்கும் குடுக்கப்போறதில்ல. நான் ஆரம்பத்துல ஒரு தடவை கேக்காம எடுத்துட்டேன், பாதி கட்டின வீடு, பழைய ஆர்க்கிடெக்ட்டை ஒரு கல்யாணத்துல பந்தில எதிரெதிரா உக்காந்து பாக்க வேண்டி வந்துச்சு, பாயசம் எறங்கல.

பில் செக் பண்ணும்போது

காசு குடுக்கறவர் கிளையன்ட், அதனால அவர் பக்கம்தான் நிக்கணும்னு தோணும். கான்ட்ராக்ட்டை நடத்தும்போது மட்டும் அப்படி இல்ல, ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு ரூல் இருக்கு. சைட்ல இது எப்படி வரும்னா, வீட்டுக்காரர் உங்களைத் தனியா கூப்பிட்டு "மேஸ்திரி பில்லை கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க, லோன் அடுத்த தவணை இன்னும் வரல"ம்பாரு. வேலை சரியா இருந்தா அளந்த அளவை அப்படியே எழுதுங்க, பணத்தை எப்பத் தர்றதுன்னு அவங்க ரெண்டு பேரும் பேசிக்கட்டும். அதே மாதிரி பூச்சு வேலை சரியில்லாம இருந்தா மேஸ்திரி எவ்வளவு நல்லவரா இருந்தாலும் தட்டிட்டு திரும்ப பூசச் சொல்லணும், சொன்னதை அன்னிக்கே வாட்ஸ்அப் குரூப்ல போட்டோவோட போட்டுடணும். அளக்கும்போது ரெண்டு பக்கத்து ஆளும் டேப்பைப் புடிக்கட்டும், பாதி சண்டை அங்கயே தீந்துடும்.

கையெழுத்து

இதுல ஜோக்கே கிடையாது. யாரோ போட்ட பிளானுக்கு உங்க சீலும் கையெழுத்தும் கேட்டு வருவாங்க, அஞ்சு நிமிஷ வேலை, கைல காசு. போடாதீங்க. நீங்க வரையாத, பாக்காத, மனைக்கே போகாத கட்டடத்துக்கு நீங்க பொறுப்பாளி ஆயிடறீங்க. 2014 ஜூன் 28 சாயங்காலம் சென்னை பக்கத்துல மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டு இருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தாங்க, பெரும்பாலும் அங்க வேலை பாத்தவங்க. அந்த மாதிரி நடந்தா போலீஸ் முதல்ல எடுக்கறது அப்ரூவல் ஃபைலைத்தான், அதுல யார் கையெழுத்து இருக்குன்னுதான் பாப்பாங்க.

பில்டருக்கு வேலை பண்றவங்க ரெரா, அதாவது ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தற சட்டம், அதுக்குக் குடுக்கற சர்டிஃபிகேட்ல உஷாரா இருங்க. 2016 சட்டப்படி வீடு வாங்கறவங்க குடுக்கற பணத்துல 70 சதவீதம் தனி அக்கவுன்ட்ல இருக்கணும், வேலை எவ்வளவு முடிஞ்சிருக்கோ அந்த அளவுக்குத்தான் எடுக்கலாம், அதுக்கு இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மூணு பேரும் சர்டிஃபை பண்ணணும். மூணாவது ஸ்லாப் போடறதுக்கு முன்னாடியே போட்டதா எழுதிக் குடுத்தா, எங்கயோ துபாய்ல இருந்து பணம் கட்டறவர் காசைத் தூக்கிக் குடுத்தது நீங்க. சைட்டுக்குப் போய் தேதியோட போட்டோ எடுத்துட்டு வந்து அப்புறம் பேனாவைத் திறங்க.

போர்டும் ரீல்ஸும்

விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு ரூல், கூடவே சில விதிவிலக்கு. ஆபீஸ் வாசல்லயும் நீங்க பண்ற கட்டடத்துலயும் பேர் போடலாம், எழுத்து உயரம் 10 செ.மீ. தாண்டக்கூடாது. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்கிட்ட இதைச் சொன்னா ஒரு மாதிரி பாப்பாரு, பழகிக்கங்க. அட்ரஸ் மாறினா மூணு தடவை வரைக்கும் அறிவிப்பு குடுக்கலாம். பத்திரிகைலயோ மத்த மீடியாலயோ உங்க வேலை படத்தோட பேரோட வரலாம், அதுக்காக காசு குடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது.

1989ல எழுதினவங்களுக்கு இன்ஸ்டா தெரியாது. நான் எடுத்துக்கற அர்த்தம் இது: முடிச்ச வீட்டை போட்டோ எடுத்து பிளானோட விளக்கமா போடறது ஓகே. காசு கட்டி பூஸ்ட் பண்றது, பெயின்ட் கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டு அவங்க பிராண்டைத் தூக்கிப் புடிச்சு ரீல் போடறது, "திருச்சியின் நம்பர் ஒன்"னு எழுதறது, இதெல்லாம் வேணாம். வீட்டுக்காரர் பெட்ரூம் வரைக்கும் வீடியோல வருதுன்னா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, ரூல்ல இல்லாட்டியும்.

ஆபீஸ்ல வேலை பாக்கற பசங்களுக்கு ஒழுங்கான சம்பளம், ஒழுங்கான இடம், அவங்க பண்ணதுக்கு அவங்க பேர், இதுவும் அதே ரெகுலேஷன்ஸ்ல எழுதியிருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓசில ட்ரெய்னியை உக்கார வெச்சு கம்ப்யூட்டர்ல கட்டடத்தோட படம் (ரெண்டர்) எடுக்கறவங்க மேடைல எதிக்ஸ் பேசறதைக் கேட்டா எனக்குக் காதுல புகை வரும். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் கூடயும் வேலை, ஃபீஸ் எல்லாம் எழுத்துல இருக்கட்டும்.

கடைசியா, உங்க மேலயே கம்ப்ளைன்ட் வந்தா. சிஓஏலேர்ந்து லெட்டர் வந்தா கிழிச்சுப் போடாதீங்க, பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு உண்டு, அதை விட்டுடாதீங்க. தப்புன்னு முடிவானா கண்டிக்கலாம், கொஞ்ச நாள் பிராக்டிஸ் பண்ண விடாம நிறுத்தலாம், ரிஜிஸ்டர்லேர்ந்து பேரையே எடுக்கலாம். கிளையன்ட் தனியா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கும் போகலாம். பதில் எழுதும்போது அழுகையும் கோவமும் வேணாம், தேதி வாரியா எழுதுங்க: இந்த நாள் அக்ரிமென்ட், இந்த நாள் டிராயிங் குடுத்தேன், இந்த நாள் சைட்ல இதைச் சொன்னேன், இதோ மெயில், இதோ போட்டோ. அதுக்குத்தான் ஒவ்வொரு வேலைக்கும் தனியா ஒரு ஃபைல் வெச்சு, சைட் விசிட் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே நாலு வரி மெயில் தட்டிவிட்டுட்டு தூங்கப் போங்கன்னு பசங்ககிட்ட சொல்றது.