துணிக்கடையில் முதலில் அளவைச் சொல்லுங்கள்

தர்மபுரி கடைவீதியில் குழந்தைக்குத் துணி எடுக்கப் போனால், "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "ஆறு வயசு, 24 சைஸ். எல்லாக் கலரும் எடுத்துப் போடுங்கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையே கை வைத்து எடுக்கட்டும்.

பையன் ரோஸ் கலரைத் தொட்டால் தடுக்காதீர்கள். 1918-ல் அமெரிக்கத் துணி வணிக இதழ் ஒன்று ரோஸ் பையன்களுக்கு, நீலம் பெண் பிள்ளைகளுக்கு என்று எழுதியது. இப்போது சொல்வது அதற்கு நேர்மாறு.

பெண்ணுக்குச் சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது மறக்காமல் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள்.

திருவிழாவில் சொந்தக்காரர்கள் ஏதாவது கேட்டால், பிள்ளையின் காதில் விழும்படியே, "அவனே ஆசைப்பட்டு எடுத்தான், நல்லா இருக்குல்ல?" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.