பழைய மஹிந்திரா பிக்கப்புக்கு ஹெட்லைட் பல்பு வாங்கும்போது

எங்கள் வீட்டு மஹிந்திரா பிக்கப் எண்பதுகளில் அப்பா வாங்கியது. இன்றும் அதில்தான் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு இறங்குகிறேன். மஞ்சு இறங்கிவிட்டால் பானெட்டுக்கு முன்னால் பத்தடி தெரிவதே பெரிய விஷயம். அதனால் ஹெட்லைட் பல்பை அவசரத்தில் வாங்கக் கூடாது என்பேன்.

பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அதன் தகட்டில் வோல்ட், வாட் இரண்டும் பொறித்திருக்கும். 12 வோல்ட், 60/55 வாட் என்றால் பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. மிகப் பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் பேட்டரியையும் பாருங்கள், அது 6 வோல்ட்டாக இருக்கலாம். 6 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் மாட்டினால் அந்த நிமிஷமே போய்விடும்.

அடுத்தது தகடு. எச்4 என்ற ஹாலஜன் பல்பின் தகட்டில் மூன்று காது இருக்கும். அதற்கு முந்தைய 45/40 வாட் பல்பிலும் பின்னால் மூன்று முள்தான், ஆனால் தகடு வேறு. ஒன்றின் டூமில் (ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்த கிண்ணம்) மற்றது சரியாக உட்காராது. அழுத்தி மாட்டினால் உள்ளே இழை இடம் மாறி, வெளிச்சம் ரோட்டை விட்டு மரத்தில் அடிக்கும். பல்பு தனியாக வராமல் கண்ணாடியோடு ஒரே துண்டாக வந்தால் அது சீல்டு பீம். 7 அங்குல வட்டம்தான் என்றால் எச்4 டூமாகவே மாற்றிக்கொள்ளலாம். டூம் வாங்கியதும் டிம் போட்டுச் சுவரில் அடித்துப் பாருங்கள். நம் ஊருக்கு வெளிச்சம் இடது பக்கம் மேலேற வேண்டும். வலது பக்கம் ஏறினால் எதிரே வருபவர் கண் கூசும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி வாட். வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கடையில் சொன்னேன், 100/90 பல்பைக் கையில் கொடுத்தார்கள். ஒரு வாரம் பிரமாதம். அப்புறம் ஒரு ராத்திரி மலையில் பிளாஸ்டிக் தீயும் வாடை. இறங்கிப் பார்த்தால் ஹோல்டர் பழுப்பேறி, ஒரு முள்ளைச் சுற்றி உருகி வழிந்து பல்போடு ஒட்டிக்கிடந்தது. கணக்கு எளிது: 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் என்றால் 16 ஆம்பியருக்கு மேல். நாற்பது வருஷ ஒயரும், காலடியில் இருக்கும் டிம் ஸ்விட்சும் அதைத் தாங்காது.

உண்மையில் குறை பல்பில் இல்லை. இன்ஜின் ஓட, லைட் எரிய, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வையுங்கள், பிறகு ஹோல்டரில் வையுங்கள். என் வண்டியில் பேட்டரியில் 13.8 வோல்ட், ஹோல்டரில் 11.6. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என இரண்டு ரிலே (ஸ்விட்சுக்குப் பதிலாக லைட்டுக்கான கரண்டைத் தானே கடத்தும் சின்னப் பெட்டி), பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு புது ஒயர், துரு சுரண்டிய இடத்தில் புது எர்த். இவ்வளவுதான் செய்தேன். சாதாரண 60/55 பல்பிலேயே வளைவுக் கல் பளிச்சென்று தெரிகிறது. ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தால் மட்டும் எந்தப் பல்பும் உதவாது, டூமை மாற்றுங்கள்.

எச்4 டூமில் எல்.ஈ.டி. மாட்டுவதை நான் விரும்பவில்லை. அந்த ரிஃப்ளெக்டர் இழை நிற்கும் இடத்துக்கென்று வளைத்தது. எல்.ஈ.டி.யின் சில்லு அதே இடத்தில் நிற்காவிட்டால் மஞ்சில் முன்னால் வெள்ளைத் திரைதான்.

மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றி, எரிகிற பழையதைத் துணியில் சுற்றி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.